இருபது மார்க் பூட்டு

அம்மோனியா எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியுமா?

பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தவராக இருந்தால் ஞாபகம் இருக்கும். லேபில் ஒரு உப்பைக் கொடுப்பார்கள். சோதனைக் குழாயில் போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஊற்றிச் சூடாக்கினால் மூக்கைத் துளைக்கிற நெடி வரும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்த கண்ணாடிக் குச்சியைக் குழாயின் வாயருகே காட்டினால் திரண்டு வெள்ளைப் புகை. ரெக்கார்டு நோட்டில் ‘அம்மோனியம் உறுதி’ என்று எழுதி டீச்சரிடம் சிவப்பு மையில் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். அதோடு மறந்தும் இருப்பீர்கள்.

எண்ணூர் பெரியகுப்பத்துக்காரர்களுக்குச் சோதனைக் குழாய் தேவைப்படவில்லை. 2023 டிசம்பர் 26, நள்ளிரவை ஒட்டிய நேரம். உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வருகிற குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா ஊருக்குள் வந்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் ரோட்டில் ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாகப் படிந்திருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு கெமிஸ்ட்ரி கிளாஸ், ஊருக்கே இலவசமாக.

அன்று ராத்திரி ஓடியவர்களில் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், அடுத்தவர் பிள்ளைகளின் ஹால் டிக்கெட் பிரின்ட், எல்லாம் அவள் கைவழியாகத்தான். ஒருநாள் போனபோது கரண்ட் இல்லை. மெஷின் நிற்கிறது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் வேதியியல். அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிற பாடநூலைக் கடை மெஷினில், வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில், ஓனர் அனுமதியோடு பிரின்ட் எடுத்து நூல் போட்டுக் கட்டியிருக்கிறாள். முன்பக்கம் யாரோ ஒருவரின் வாடகை ஒப்பந்தம். பின்பக்கம் வேதிப் பிணைப்பு.

“டியூஷன் போறியாம்மா?”

“இல்ல சார். நானே படிக்கிறேன்.”

“ஸ்கூல்?”

“பத்தாவதோட நின்னுட்டேன் சார். அப்பா ஹார்பருக்கு லாரி ஓட்டிட்டிருந்தாரு. ஆக்சிடென்ட்ல கால் போயிடுச்சு.”

“கெமிஸ்ட்ரி எதுக்கு?”

“அன்னிக்கு கேஸ் வந்தப்ப, துணிய நனைச்சு மூஞ்சில கட்டிக்கோன்னு யாரோ கத்துனாங்க சார். எதுக்கு நனைக்கணும்னு அப்போ புரியல. அப்புறம் புக்குல பார்த்தேன். அது தண்ணியில அப்படியே கரையுமாம். அதான்.”

இந்த ‘அதான்’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாடம் நடத்துகிறவர்கள் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியும் வரவழைக்க முடியாத சொல் அது. ஒரு பிள்ளைக்குத் தானாக வந்துவிட்டது. இனி அவளைத் தடுக்க யாரால் முடியும் என்று நினைப்பீர்கள்.

தேர்வுத்துறையால் முடியும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகாமலே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், மேல்நிலைத் தேர்வும் எழுதலாம். தனித்தேர்வர் என்று பெயர். நல்ல ஏற்பாடு. எத்தனையோ பேர் அப்படி எழுதித்தான் வாழ்க்கையில் ஒரு படி ஏறியிருக்கிறார்கள். ஆனால் மேல்நிலைத் தேர்வுக்கு நேரடியாக வருகிற தனித்தேர்வர் எந்தப் பாடத்தை எழுதலாம் என்பதில் ஒரு பூட்டு இருக்கிறது. செய்முறை உள்ள பாடம் கிடையாது. வரலாறு எழுதலாம். பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் எழுதலாம். இயற்பியல் கூடாது. வேதியியல் கூடாது. உயிரியல் கூடாது.

நீங்கள் எவ்வளவு படித்திருக்கிறீர்கள், என்ன தெரியும் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. கேள்வித்தாளைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே கதவைச் சாத்தியாயிற்று.

மேல்நிலை வேதியியலுக்கு மொத்தம் 100 மார்க். எழுத்துத் தேர்வு 70. அகமதிப்பீடு 10. செய்முறை 20. அந்த இருபதுக்காக நூறையும் மறுக்கிறோம். காய்கறிக் கடையில் கொத்தமல்லி தீர்ந்துவிட்டது, அதனால் உங்களுக்குத் தக்காளியும் கிடையாது என்று சொன்னால் சும்மா விடுவீர்களா?

“லேபுக்கே போகாதவருக்கு எப்படி ஐயா வேதியியல் சான்றிதழ் கொடுப்பது?” என்று ஓர் ஆசிரிய நண்பர் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானது. நானும் லேப் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசிட்டைத் தொடாமல் கெமிஸ்ட்ரி படிப்பது கடலில் இறங்காமல் நீச்சல் கற்கிற மாதிரிதான். நான் கேட்பது, அந்தப் பெண்ணை லேபுக்குள் விடுங்கள் என்று.

இதை இதே அரசு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறை இருக்கிறது, 25 மார்க். பத்தாவதைத் தனியாக எழுதுகிறவர் என்ன செய்கிறார்? மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்துகொள்கிறார். ஒதுக்கப்படுகிற பள்ளிக்குப் போய்ச் செய்முறைப் பயிற்சி வகுப்பில் உட்காருகிறார். 80 சதவீத வருகை இருந்தால் செய்முறைத் தேர்வு எழுதலாம். பதினைந்து வயசுப் பிள்ளைக்குத் திறக்கிற அதே லேப், பதினேழு வயசில் ஏன் மூடிக்கொள்கிறது? பத்தாவது பிள்ளை கையில் கொடுக்கிற சோதனைக் குழாய் பிளஸ் டூ பிள்ளை கையில் வெடித்துவிடுமா?

இந்த இடத்தில் கொஞ்சம் என் கதை. கேட்டுத் தொலையுங்கள்.

எண்பதுகளில் திருவொற்றியூரில் பத்தாவது முடித்தேன். பிளஸ் டூ வந்தே ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. 1978-ல்தான் பி.யூ.சி.யை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். நான் வாங்கிய மார்க்குக்கு சயின்ஸ் குரூப் கிடையாது என்று காமர்ஸில் போட்டுவிட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணன் ஒருவரின் பழைய கணிதப் புத்தகம் கைக்கு வந்தது. வீட்டில் ஒரே அறை, ஒரே பல்பு, ஆறு பேர். எனவே திருவொற்றியூர் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரம். கும்மிடிப்பூண்டி வண்டி போன பிறகு அடுத்த வண்டி வரைக்கும் அமைதியாக இருக்கும்.

நானாகவே கால்குலஸ் வரைக்கும் வந்துவிட்டேன். மேலே ‘டிஒய்’, கீழே ‘டிஎக்ஸ்’. அட, மேலேயும் கீழேயும் ‘டி’ இருக்கிறதே, அடித்துவிடலாமே என்று ஆறு மாதம் அடித்துக்கொண்டிருந்தேன்! புத்தகத்தின் பின்னால் இருக்கிற விடையோடு ஒன்றுகூட ஒத்துவரவில்லை. விடைகள்தான் தப்பாக அச்சாகியிருக்கின்றன என்று முடிவு செய்தேன். கடைசியில் அந்த அண்ணனிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதத்து இருட்டு அரைமணியில் போனது.

தானாகப் படிப்பது என்றால் இதுதான். ‘சுயம்பு’, ‘ஏகலைவன்’ என்றெல்லாம் சினிமா வசனம் பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். யாரும் முழுக்கத் தானாகப் படிப்பதில்லை. வாரம் ஒரு அரைமணி யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறது. அந்த அரைமணி சிலருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது, அப்பாவாக, மாமாவாக, பணம் கொடுத்த கோச்சிங் சென்டராக. மற்றவர்களுக்கு எதிர்வீட்டில் அண்ணன் இருந்தால் உண்டு.

கணக்கையும் சேர்த்துப் பரீட்சை எழுதட்டுமா சார் என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். “மொதல்ல இருக்கிற பாடத்துல பாஸ் பண்ற வழியப் பாரு” என்றார். நான் பாஸ் பண்ணினேன். கணக்கு எனக்கு என்ன வந்தது, எவ்வளவு வந்தது என்று இன்று வரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சரி, என்னை விடுங்கள். ஏகலைவன் பேச்சு வந்தால் எல்லோரும் உடனே எடுத்துவிடுகிற பெயர் ஒன்று இருக்கிறது. நம்ம ஏரியாவுக்கு நெருங்கிய சொந்தம். ராமானுஜன்.

மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் 1912 மார்ச் 1-ம் தேதி குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். மாதச் சம்பளம் 30 ரூபாய். கணித மேதை, கேம்பிரிட்ஜ், எஃப்.ஆர்.எஸ்., எல்லாம் மேடையில் கேட்டிருப்பீர்கள். மேடையில் கொஞ்சம் சத்தம் குறைத்துச் சொல்வது அவருடைய பரீட்சை ரிசல்ட்டை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். ஆங்கிலக் கட்டுரையில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து எஃப்.ஏ. எழுதினார். கணக்கில் புலி. உடலியலில் படுதோல்வி. 1907-ல் கல்லூரிக்குப் போகாமல் மறுபடி எழுதினார். மறுபடி ஃபெயில்.

ஆமாம், ராமானுஜனும் தனித்தேர்வர்தான். தோற்ற தனித்தேர்வர்.

பதினைந்து, பதினாறு வயசில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித சூத்திரப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. பெரும்பாலும் வெறும் சூத்திரங்கள், விளக்கம் மிகக் குறைவு. அதை வைத்துக்கொண்டு தானே நிரூபித்து, தானே முன்னேறினார். அந்த வயசுப் பையன் தானாகக் கற்றது என்ன என்று சோதிக்கப் பரீட்சையில் வழி இல்லை. எல்லாப் பாடத்திலும் ஒன்றாகத் தேறு, இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்பதுதான் அன்றைய விதி. பிறகு என்ன நடந்தது? துறைமுகத்தில் நாராயண ஐயர் என்ற அதிகாரி அவருடைய கணக்கைப் புரிந்துகொண்டார். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக நின்றார். ஹார்டிக்குக் கடிதம் போய், பதில் வந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகம் 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாத ஆளுக்கு! விதியை வளைத்துத்தான் கொடுத்தார்கள்.

நாம் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறோம்? ‘திறமை இருந்தால் எங்கிருந்தாலும் மேலே வரலாம்’ என்று. எனக்கு இந்தக் கதை வேறுமாதிரி கேட்கிறது. உலகம் நூற்றாண்டுக்கு ஒருமுறை பார்க்கிற மூளைக்கே, விதியை வளைக்க ஒரு துறைமுகத் தலைவரும் ஒரு கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் தேவைப்பட்டிருக்கிறார்கள். சாதாரண மூளைக்கு யார் வளைப்பார்கள்? ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்காக எந்த ஹார்டி கடிதம் எழுதப்போகிறார்? அவள் மேதை இல்லை. மேதையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் கேட்பது எழுபது மார்க் கேள்வித்தாளும் இருபது மார்க் சோதனைக் குழாயும்தான்.

ராயபுரம் சோமு செட்டி தெருவின் ஒரு சந்துக்குள் ராமானுஜனுக்கு ஒரு மியூசியம் இருக்கிறது, தெரியுமா? பாதிப் பேருக்குத் தெரியாது. முத்தியாலுப்பேட்டை மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன் 1993-ல் ஆரம்பித்தது. ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் தேடிச் சேகரித்துப் புத்தகமாக்கியவர். மியூசியம் என்று மட்டும் பெயர் வைக்கவில்லை, கணிதக் கல்வி மையம் என்றும் சேர்த்து வைத்தார். பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்து, காகிதத்தை மடித்துப் பார்த்துக் கணக்குக் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. 2005-ல் காலமாகிவிட்டார். மேதைக்குச் சிலை வைத்துவிட்டுப் போகாமல், சுற்றுவட்டாரப் பிள்ளைகள் உட்கார ஒரு அறையைத் திறந்துவைத்தார் அந்த வாத்தியார். ஒரு தனிமனிதரால் முடிந்திருக்கிறது.

இனி எதிர்க்கட்சி வாதங்கள். போன வாரம் முழுக்க இதையே பலரிடம் பேசிப் பார்த்ததில் கிடைத்தவை.

“அதுதான் மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறதே, அங்கே போய் எழுதட்டும்.” உண்மை. 1989-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கிய என்.ஐ.ஓ.எஸ். நிறுவனத்தில் பதினைந்து வயசானவர் மேல்நிலைக்குப் பதியலாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் உண்டு. செய்முறைக்கு ஒரு மையத்தை ஒதுக்குகிறார்கள். வாதத்துக்கு மிக்க நன்றி! அப்படியென்றால் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் லேப் கொடுக்க முடியும் என்று டெல்லி நிரூபித்துவிட்டது. கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்ப வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிற தமிழ்நாடு, தன் சொந்தப் பிள்ளையை ‘நீ டெல்லி போர்டுக்குப் போ’ என்று கைகாட்டி அனுப்புவது எந்த ஊர் சுயமரியாதை?

டெல்லியும் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் டூ பாஸானவர் பிறகு ஒரு கூடுதல் பாடத்தை மட்டும் தனித்தேர்வராக எழுதுகிற வசதி இருந்தது. 2025-ல் திடீரென்று, 2026 தேர்விலிருந்து அது கிடையாது என்று அறிவித்தார்கள். கணக்கோ உயிரியலோ சேர்த்து எழுதலாம் என்று ஒரு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். தானாகப் படிக்கிற பிள்ளையை எந்த போர்டுக்குமே பிடிப்பதில்லை. கணக்கில் வராத ஆள் அல்லவா? அட்டென்டென்ஸ் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, ஃபீஸ் கிடையாது.

“தனித்தேர்வர் எழுதி டாக்டர், இன்ஜினீயர் ஆகிவிட்டால் தரம் என்ன ஆகும்?” டாக்டர்களை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன். இரண்டு வருஷம் முறையாகப் பள்ளியில் படித்தவர்தான் வேண்டும், திறந்தநிலைப் பள்ளி ஆகாது என்று மருத்துவக் கவுன்சில் வெகுகாலம் பிடிவாதமாக இருந்தது. அந்தத் தடை செல்லாது என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இறங்கிவந்து, பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று அறிவித்தது. நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தனிச்சண்டை, அதை இன்னொரு வாரம் போடலாம். நோயாளியின் உயிரைக் கையில் எடுப்பவர்களைத் தேர்ந்தெடுக்கிற ஆணையமே ‘எங்கே படித்தாய் என்பது முக்கியமில்லை’ என்று வந்துவிட்டது. நம் தேர்வுத்துறைக்கு என்ன தயக்கம்?

“செய்முறையில் தில்லுமுல்லு நடக்கும்.” இதைக் கேட்டபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மன்னிக்கவும். ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் செய்முறை மார்க் எப்படிப் போடப்படுகிறது என்று, படித்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாதா? என்ன உப்பு வரும் என்று முதல்நாளே காதில் ஓதப்பட்டதில்லையா? ரெக்கார்டு நோட்டை அக்கா எழுதிக்கொடுத்ததில்லையா? உண்மையாகச் செய்முறையைச் செய்து பார்க்கத் துடிக்கிற ஒரு பிள்ளையை, இந்த லட்சணத்தில் இருக்கிற செய்முறையின் புனிதத்தைக் காப்பாற்றுவதற்காக வெளியே நிறுத்துகிறோம்.

இங்கிலாந்தில் பதினெட்டு வயசில் எழுதுகிற ஏ லெவல் பரீட்சை இருக்கிறது. அங்கேயும் தனித்தேர்வர் உண்டு. பள்ளியில் இல்லாத பாடத்தைத் தானாகப் படித்துக் கூடுதலாக எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. அதை அங்கே ஆர்வம் என்கிறார்கள். 2015-ல் தொடங்கிய புதிய முறையில், அறிவியல் பாடங்களின் செய்முறையை எழுத்துத் தேர்விலிருந்து பிரித்துத் தனியாகச் சான்றளிக்கிறார்கள். செய்முறை முடிக்காதவருக்கும் எழுத்துத் தேர்வுக்கான கிரேடு உண்டு; செய்முறை முடிக்கவில்லை என்று பக்கத்தில் குறிப்பு இருக்கும். வேண்டுகிற கல்லூரி பார்த்துக்கொள்ளும். நேர்மையான ஏற்பாடு. தெரிந்ததைத் தெரியும் என்று எழுது, செய்யாததைச் செய்யவில்லை என்று எழுது.

இங்கே தனியாக எழுதுவது என்றாலே ஃபெயிலான கேஸ். “பையன் என்ன பண்றான்?” “பிரைவேட்டா எழுதறாங்க.” அந்த ‘ங்க’வில் குரல் இறங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? எண்பதுகளில் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை சுவருக்குச் சுவர் டுடோரியல் விளம்பரம். ‘பத்தாவது பெயிலா? கவலை வேண்டாம்’ என்று சுண்ணாம்பின் மேல் நீல எழுத்து. அதிலிருந்து ஒட்டிக்கொண்ட வாசனை இது. நம் விதிகளும் அந்தச் சுவர் எழுத்தை மனசில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தோற்றவன் வருவான், அவனுக்கு ஏதோ ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பு என்ற தர்மசிந்தை. படித்தவள் வருவாள் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

வடசென்னைக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மெட்ரோ 2021-ல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. 2024 நவம்பரில் கொளத்தூரில் ‘முதல்வர் படைப்பகம்’ திறந்தார்கள். படிக்க மேஜை, வேலை செய்ய இடம் என்று நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி ஒன்று எண்ணூரில் மீனவக் குப்பங்களை ஒட்டியும் வேண்டும். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தபோது பெருமையாக இருந்தது. எண்ணூரிலிருந்து அங்கே போய்த் திரும்பினால் பாதி நாள் போய்விடும் என்பதும் உண்மை. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அந்தப் பெண் கெமிஸ்ட்ரி வீடியோக்களை அதில்தான் போனில் பார்க்கிறாள். பாடநூல் இலவசம், வீடியோ இலவசம், மேஜைகூடக் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது. படி, படி என்று ஒரு கை கூப்பிடுகிறது. படித்துவிட்டு வந்தால் எழுதாதே என்று அதே உடம்பின் இன்னொரு கை தள்ளுகிறது.

குரூப் என்ற கயிற்றையும் சொல்ல வேண்டும். நான்கு பாடங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். 2019-ல் அதைத் தளர்த்தி மூன்று முதன்மைப் பாடம் போதும் என்று ஒரு அறிவிப்பு வந்தது. பிள்ளைகளின் மேற்படிப்பு வாய்ப்பு குறுகிவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பி, 2020-ல் கைவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்னது சரிதான். ஆனால் குறைக்கலாமா கூடாதா என்று சண்டை போட்ட யாரும் ஒரு பிள்ளை கூட ஒன்று சேர்த்துக்கொள்ளட்டுமே என்று பேசவில்லை. வணிகவியல் படிக்கிற பையன் இயற்பியலையும் தானாகப் படித்து எழுதினால் யார் வீட்டுச் சொத்து குறையும்?

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. பத்தாம் வகுப்புத் தனித்தேர்வருக்கு இருக்கிற அதே ஏற்பாட்டை அப்படியே மேலே இரண்டு வகுப்புக்கு ஏற்றுங்கள். வட்டாரத்துக்கு ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. சனிக்கிழமை லேப் திறந்திருக்கட்டும். ஒரு ஆசிரியர், ஒரு ஆய்வக உதவியாளர், அவர்களுக்கு உரிய படி. பதிவு செய்கிற தனித்தேர்வர் 80 சதவீதம் வர வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு வருகிற அதே வெளித்தேர்வாளர் வந்து சோதிக்கட்டும். ஃபெயிலானால் ஃபெயில் போடுங்கள், தாராளமாக. சோதித்துவிட்டுப் போடுங்கள்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். கட்டடம் இருக்கிறது, மேஜை இருக்கிறது, பிப்பெட், பியூரெட் இருக்கிறது. சனிக்கிழமை இல்லாதது சாவி மட்டும்தான்.

நுங்கம்பாக்கம் கல்லூரி சாலையில், அன்பழகன் பெயர் வைத்த கல்வி வளாகத்தில் இருக்கிற அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், ஒரு சனிக்கிழமை காலை விம்கோ நகருக்கு மெட்ரோ பிடியுங்கள். தேரடியில் இறங்கினால் போதும். அந்தக் கடையை நானே காட்டுகிறேன்.

போன வாரம் போயிருந்தேன். கரண்ட் இருந்தது, கூட்டமும் இருந்தது. கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“சார், உப்புச் சோதனைய வீட்லயே செஞ்சு பாக்கலாமா? உரக்கடையில அம்மோனியம் சல்பேட் கிடைக்குதாம். கூட சுண்ணாம்பு. பாத்ரூம் கழுவற ஆசிட் எங்ககிட்டயே இருக்கு. அந்த வெள்ளப் புகை வருதான்னு மட்டும் பாத்துடறேன்.”

பதறிப்போய்விட்டேன். வீட்டில் ஒரே அறை. அசைய முடியாத அப்பா படுத்திருக்கிறார். ஜன்னல் ஒன்று.

“வேணாம்மா. கண்டிப்பா வீட்ல செய்யாத. ஆபத்து.”

தலையாட்டினாள். மெஷினில் தாளை அடுக்கிவிட்டு, திரும்பாமலே கேட்டாள்.

“அப்ப எங்க சார் செய்யறது?”